காந்தமும் ஒளியும் ஒரே துகளில்: கோளாறு எங்கே என்று தேடும் வழி

எங்கள் துகள் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் தயாராகிறது. செல் வளர்ப்பு அறையும், லேசரால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கியும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு பஸ் பயணம். படம் சரியாக வராத நாளில் மாலை 7 மணிக்கு மேல் என் கைப்பேசி ஒலிக்கும். "அக்கா, துகள் ஒளிரவே இல்லை." "அக்கா, துகள் போடாத செல்லும் ஒளிர்கிறது." "அக்கா, நேற்று நன்றாக இருந்தது, இன்று எல்லாம் அடியில் படிந்துவிட்டது." அந்த அழைப்புகளுக்குச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த பதில்களை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற மாணவர் யாராக இருந்தாலும் பயன்படட்டும்.

பேச்சு எந்தத் துகளைப் பற்றி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் 10 நானோமீட்டர் அளவில் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. அதைச் சுற்றிச் சிலிக்கா உறை. உறைக்குள்ளோ உறையின் மேலோ ஒளிரும் பொருள்: ஃப்ளூரசின் போன்ற சாயம், அல்லது குவாண்டம் புள்ளி என்ற மிகச் சிறிய குறைக்கடத்திப் படிகம், அல்லது யூரோப்பியம், டெர்பியம், எர்பியம் போன்ற அருமண் அயனி. காந்தப் பாதி துகளை இழுத்து ஒதுக்கவும் எம்.ஆர்.ஐ.யில் காட்டவும் உதவுகிறது. ஒளிப் பாதி நுண்ணோக்கியில் இடத்தைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே துகளில் இருப்பதால் கிடைக்கும் லாபம் பெரிது. ஆனால் இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அண்டை வீட்டார். அதைக் கீழே பார்க்கலாம்.

யார் அழைத்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்தத் திரவத்தில் வைத்துப் பார்த்தாய்?" தூய நீரில் அளந்த அளவும் ஒளியும் மின்னேற்றமும் தூய நீருக்கு மட்டுமே சொந்தம். செல் வாழ்வது உப்பும் புரதமும் சர்க்கரையும் கலந்த 37 டிகிரி வளர்ப்பு ஊடகத்தில். அங்கே போனதும் துகள் வேறு ஒன்றாகிவிடுகிறது. எங்கள் ஆய்வகத்தில் நான் பார்த்த கோளாறுகளில் மிகுதியானவை இந்த ஒரு மாற்றத்தில் பிறந்தவை.

நான்கு குழாய்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இந்த நான்கும் தட்டில் இருக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறேன். துகள் எதுவும் போடாத செல் ஒன்று. சாயம் இல்லாமல் காந்தக் கருவும் சிலிக்காவும் மட்டும் கொண்ட துகள் போட்ட செல் ஒன்று. காந்தத்தால் துகளை ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் தெளிநீரை மட்டும் போட்ட செல் ஒன்று. முழுத் துகளைப் போட்டு, 37 டிகிரிக்குப் பதில் 4 டிகிரியில் வைத்த செல் ஒன்று. ஒரு நாள் கூடுதல் வேலைதான். இந்த நான்கும் கையில் இல்லாவிட்டால் கீழே எழுதியிருப்பதில் பாதியை நீங்கள் சோதித்துப் பார்க்கவே முடியாது.

"காந்தத்தை வைத்தேன், கறுப்பு ஒதுங்கவில்லை"

முதலில் நிறத்தைப் பாருங்கள். நல்ல மேக்னடைட் மை போலக் கறுப்பாக இருக்கும். பழுப்பாகியிருந்தால் இரும்பின் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்து மேக்ஹெமைட் ஆகியிருக்கிறது. அதற்காக வருந்த வேண்டாம், மேக்ஹெமைட்டும் நன்றாகவே காந்தத்துக்கு வரும். செங்கல் நிறமோ மஞ்சள் கலந்த பழுப்போ என்றால்தான் கவலை. அது வேறு இரும்பு ஆக்சைடு அல்லது ஹைட்ராக்சைடு. காந்தம் அதைப் பொருட்படுத்தாது.

இந்த நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் தயாரிப்பின் முதல் அரை மணி நேரத்தில் இருக்கும். ஃபெர்ரஸ், ஃபெர்ரிக் உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற மோல் விகிதத்தில் எடுத்து, நைட்ரஜன் செலுத்திய நீரில் கரைத்து, அம்மோனியா சேர்க்கிறோம். நீரில் காற்று மிச்சமிருந்தால் ஃபெர்ரஸ் முன்பே ஃபெர்ரிக் ஆகி விகிதம் கெடுகிறது. இன்னொரு காரணம் எங்கள் மழை. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று என இரண்டு பருவமும் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெய்கிறது. காற்றில் ஈரம் குறைவதே இல்லை. ஃபெர்ரிக் குளோரைடு டப்பாவைத் திறந்து மூடத் திறந்து மூட, உப்பு தானே நீரை உறிஞ்சிக் குழம்பாகிவிடும். 2 கிராம் நிறுத்தேன் என்று குறிப்பேட்டில் இருக்கும், அதில் எவ்வளவு நீர் என்பது யாருக்கும் தெரியாது. வெளிர் பச்சையாக இருக்க வேண்டிய ஃபெர்ரஸ் உப்பு மஞ்சள் பூத்திருந்தால் அதை எடுக்காதீர்கள். சிறிய பாட்டில்களாக வாங்கி, ஈரத்தை உறிஞ்சும் டெசிகேட்டரில் வைத்து, திறந்த தேதியை மேலே எழுதுங்கள்.

நிறம் சரியாக இருந்தும் ஒதுங்கவில்லையா? அப்படியானால் துகள் நன்றாகவே பிரிந்து மிதக்கிறது என்று பொருளாகலாம். 10 நானோமீட்டர் துகளை வெப்ப அசைவு எந்நேரமும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒரு சாதாரணக் காந்தத்தின் இழுப்பு அதை வெல்லப் பல மணி நேரம் ஆகும். சில நேரம் வெல்லவே வெல்லாது. இரவு முழுக்கக் காந்தத்தின்மேல் விட்டுக் காலையில் பாருங்கள். இழுப்பு காந்தத்தின் வலிமையைவிட, புலம் இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே அகலக் குடுவையைவிட ஒல்லியான குழாய் நல்லது. மாறாக, சில விநாடிகளில் எல்லாம் ஒரு கட்டியாகப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, காந்தத்தை எடுத்த பிறகும் கலையாவிட்டால் மகிழ வேண்டாம். அது திரிந்துபோன துகள்.

காந்தத்தையும் ஒருமுறை சோதியுங்கள். சாதாரண வகை நியோடைமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் வலிமையை இழந்துவிடும். சூட்டு அடுப்பின் பக்கத்தில் வைத்த காந்தம் எங்கள் மேசையில் அப்படிக் கெட்டிருக்கிறது.

நியோடைமியம் என்றதும் எனக்கு ஊர் நினைவு வருகிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறது, வலுவான காந்தம் அதை இழுக்கும். அதே மணலில் மோனசைட்டும் இருக்கிறது. சீரியம், லாந்தனம், நியோடைமியம் எல்லாம் அதில்தான். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். கேஸ் விளக்கின் ஒளிரும் வலையைச் செய்ய, மோனசைட்டில் உள்ள தோரியம் தேவைப்பட்ட காலம் அது. காந்தத்துக்கான பொருளும் ஒளிக்கான பொருளும் ஒரே மணலில் கலந்து கிடக்கும் கரையிலிருந்து வருகிறோம் என்பதை ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் சொல்லாமல் என்னால் தொடங்க முடிவதில்லை.

"நீரில் நன்றாக இருந்தது, ஊடகத்தில் ஊற்றியதும் திரிந்துவிட்டது"

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான அறிகுறி. ரப்பர் தோட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சிரட்டையில் வடியும் ரப்பர் பாலில் கோடிக்கணக்கான சிறு உருண்டைகள் எதிர்மின்னேற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. ஷீட் அடிக்க அதில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுகிறோம். பி.எச். ஐந்துக்குக் கீழே இறங்கியதும் மின்னேற்றம் போய், உருண்டைகள் சேர்ந்து பால் உறைகிறது. உறையாமல் வெகுதூரம் அனுப்ப வேண்டுமானால் அம்மோனியா சேர்க்கிறோம். நமது துகளுக்கும் இதே கணக்குதான்.

இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பு மின்னேற்றம் இழக்கும் பி.எச். ஏறக்குறைய 6.5 முதல் 7 வரை. செல் ஊடகத்தின் பி.எச். 7.4. அதாவது உறை இல்லாத காந்தத் துகளைச் செல்லின் அருகே கொண்டுபோவது, ரப்பர் பாலில் அமிலம் ஊற்றுவதற்கு மிக நெருக்கமான காரியம். சிலிக்கா இங்கே கைகொடுக்கிறது. அது மின்னேற்றம் இழக்கும் பி.எச். புள்ளி 2, 3 அளவில் இருப்பதால் 7.4-இல் நல்ல எதிர்மின்னேற்றம் இருக்கும். ஆனால் சாயத்தையோ, குறிப்பிட்ட செல்லில் ஒட்டும் புரதமான ஆன்டிபாடியையோ கட்டுவதற்காக அந்தச் சிலிக்காமேல், நேர்மின்னேற்றம் ஏற்கும் அமீன் பூசுகிறோம். பூசியதும் அந்தப் புள்ளி மேலே ஏறி நடுநிலையை நெருங்கிவிடுகிறது. நேற்றுவரை மிதந்த துகள் அமீன் பூசிய மறுநாள் திரிவதற்குக் காரணம் இதுதான்.

மின்னேற்றம் இருந்தாலும் உப்பு அதை மறைத்துவிடும். உப்பு மிகக் குறைந்த நீரில் ஒரு துகளின் மின்தள்ளல் நூறு நானோமீட்டர் தூரத்துக்குக்கூட எட்டும். ரத்தத்துக்கு நிகரான உப்புள்ள, பி.எச். மாறாமல் காக்கும் பி.பி.எஸ். பஃபரில் அது 0.8 நானோமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. துகள்கள் ஒன்றையொன்று கிட்டத்தட்டத் தொடும்வரை தள்ளலே தெரியாது. "சீட்டா பொடென்ஷியல் (மேற்பரப்பு மின்னேற்றத்தின் அளவு) மைனஸ் 35 மில்லிவோல்ட் வந்தது, பிறகு ஏன் திரிந்தது?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அது நீரில் வந்தது. பி.பி.எஸ்.ஸில் உள்ள பாஸ்பேட் இன்னொரு வேலையும் செய்கிறது. இரும்போடும் அருமண் அயனிகளோடும் வலுவாகப் பிணைந்து, துகள் திரியாமல் இருக்க நாம் மேலே ஒட்டவைத்த சிட்ரேட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

சோதிக்கும் முறை இது. துகளை நீர், பி.பி.எஸ்., சீரம் (ரத்தத்தின் புரதம் நிறைந்த தெளிந்த திரவம்) இல்லாத ஊடகம், 10 சதவீதம் சீரம் கலந்த ஊடகம் என்று நான்கு குழாய்களில் ஒரே செறிவில் கலக்குங்கள். கலந்தவுடன், ஒரு மணி நேரம் கழித்து, 24 மணி நேரம் கழித்து என மூன்று முறை டி.எல்.எஸ். எடுங்கள், அதாவது சிதறும் ஒளியைக் கொண்டு துகளின் அளவை அளங்கள். அந்தக் கருவியின் எண்ணை நம்பும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள்: சிதறும் ஒளி ஆரத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. பத்து மடங்கு பெரிய ஒரே ஒரு கட்டி பத்து லட்சம் சிறு துகள்களின் குரலை மூடிவிடும். அதோடு, துகள் போடாத சீரத்தையும் தனியே அளங்கள். சீரப் புரதங்களும் தம் பங்குக்கு ஒரு முகட்டைக் காட்டும்.

பி.பி.எஸ்.ஸில் திரிந்து, சீரத்தில் திரியாவிட்டால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். புரதம் துகளைப் போர்த்திக் காக்கிறது. அப்போது துகளை முதலில் சீரம் கலந்த ஊடகத்தில் கலந்து, பிறகு செல்லில் ஊற்றுங்கள். பி.பி.எஸ்.ஸில் கழுவும் பழக்கத்தை விடுங்கள். ஆனால் அந்தப் போர்வைக்கு ஒரு விலை உண்டு. துகளின்மேல் கட்டிய ஆன்டிபாடியும் புரதத்துக்கு அடியில் புதைந்துவிடலாம். குறிப்பிட்ட செல்லை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டிய துகள் என்றால் சீரத்தை நம்பாமல் பாலி எத்திலீன் கிளைக்கால் சங்கிலிகளைக் கட்டுங்கள். அவை மின்னேற்றத்தை நம்பாமல் உடலாலேயே இடைவெளி காக்கின்றன.

எல்லாக் குழாயிலும், நீரில்கூடத் திரிந்தால் நீரைச் சந்தேகியுங்கள். எங்கள் பகுதிச் செம்மண் கிணறுகள் பலவற்றில் இரும்பு இருக்கும், பாத்திரத்தில் பழுப்புக் கறை படியும். அயனி நீக்கும் பெட்டி தீர்ந்துபோயிருந்தால் அந்த உப்பெல்லாம் உங்கள் குழாய்க்கு வந்து சேரும். மிகத் தூய நீரின் மின்தடை 18.2 மெகா ஓம் சென்டிமீட்டர். திரையில் அந்த எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகே நீர் பிடியுங்கள்.

"ஒளியே இல்லை, அல்லது மிகவும் மங்கல்"

அண்டை வீட்டார் சண்டை இங்கேதான். மேக்னடைட் கறுப்பாக இருப்பதற்குக் காரணம், அது கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் விழுங்குகிறது என்பதே. தூண்டும் நீல ஒளியையும் விழுங்கும், சாயம் திருப்பித் தரும் பச்சை ஒளியையும் விழுங்கும். சாயம் கருவுக்கு மிக அருகில், 10 நானோமீட்டருக்குள் இருந்தால் ஒளி வெளியே கிளம்பும் முன்பே அதன் ஆற்றலை இரும்பு நேரடியாகப் பறித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் சாயம் இல்லாத ஒரு சிலிக்கா அடுக்கைச் சுவராக எழுப்பினால் பறிப்பு நிற்கும். முதலில் 10, 15 நானோமீட்டர் வெறும் சிலிக்கா, அதன்மேல் சாயம் கலந்த சிலிக்கா, அதன்மேல் மெல்லிய வெறும் சிலிக்கா என்று மூன்று கட்டமாகச் செய்யுங்கள். ஆல்கஹாலில் அம்மோனியா சேர்த்துச் சிலிக்கா வளர்க்க 1968-இல் ஸ்டோபரும் அவருடைய கூட்டாளிகளும் தந்த முறையேதான், கட்டம் கட்டமாக. உறை எதிர்பார்த்த தடிமனுக்கு வளரவில்லை என்றால் அம்மோனியா பாட்டிலைப் பாருங்கள். வெயில் காலத்தில் பலமுறை திறந்த பாட்டிலில் அம்மோனியா பெரும்பகுதி பறந்திருக்கும்.

சாயம் உள்ளே போகவே இல்லையா, போயும் அணைந்துவிட்டதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று மாதம் செய்முறையை மாற்றிக்கொண்டே இருந்த மாணவர்களை எனக்குத் தெரியும். ஃப்ளூரசின் என்றால் ஒரே பகலில் தெரிந்துவிடும். சிறிதளவு துகளை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் விட்டால் சிலிக்கா கரைந்து சாயம் வெளியே வரும். காந்தத்தால் இரும்பை ஒதுக்கித் தெளிநீரை அளங்கள். இப்போது பளிச்சென்று ஒளிர்ந்தால் சாயம் இருந்திருக்கிறது, உள்ளே அணைந்திருந்தது. அப்போதும் இருட்டு என்றால் சாயத்தைக் கட்டும் படியே நடக்கவில்லை. மிக அதிகமாகச் சாயம் திணித்தாலும் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குழாயில் ஒளிர்ந்து, செல்லுக்குள் போனதும் மங்கினால் அது வேறு கதை. செல் விழுங்கிய துகள் எண்டோசோம் என்ற பை வழியாக, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் போய்ச் சேர்கிறது. அங்கே பி.எச். 5-க்கும் கீழே இறங்கும். ஃப்ளூரசின் அமிலத்தில் மங்கும் சாயம். பி.எச். 4.5, 5.5, 7.4 என மூன்று பஃபர்களில் துகளின் ஒளியை வரைந்து பாருங்கள். வளைவு சரிந்தால் ரோடமின் போன்ற, அமிலத்துக்கு அசையாத சாயத்துக்கு மாறுங்கள்.

யூரோப்பியம், டெர்பியம் என்றால் எதிரி நீரே. நீரின் ஓ-எச் பிணைப்பின் அதிர்வு அந்த அயனிகளின் ஆற்றலை உறிஞ்சிவிடுகிறது. அயனியை நீர் தொடாதபடி ஒரு கரிமக் கூண்டுக்குள்ளோ படிகத்துக்குள்ளோ பூட்டுங்கள், வெளியே தூய உறை ஒன்று போடுங்கள். இட்டெர்பியமும் எர்பியமும் கலந்த சோடியம் இட்ரியம் புளூரைடு துகள் 980 நானோமீட்டர் அகச்சிவப்பை வாங்கிப் பச்சையும் சிவப்பும் தரும். மிக அழகான பொருள். ஆனால் 980-ஐ நீரும் உறிஞ்சுகிறது. ஊடகம் சூடாகும், லேசரின் பலம் வழியிலேயே குறையும். நியோடைமியம் சேர்த்து 808 நானோமீட்டரில் தூண்டும் வகையில் அந்தச் சூடு பல மடங்கு குறைவு. இன்னொன்று, இந்தப் புளூரைடு துகள் மிகவும் நீர்த்த கரைசலில் மெல்லமெல்லக் கரையும். நீர்க்கச் செய்து வாரக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். 980 லேசர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அது எரிகிறதா என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், காப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த அறைக்குள் போகவே போகாதீர்கள்.

"துகள் போடாத செல்லும் ஒளிர்கிறது"

செல்லுக்குத் தனக்கென்று ஒளி உண்டு. அதன் சொந்த மூலக்கூறுகளில் ஃபிளாவின்கள் நீல ஒளியில் பச்சையாக ஒளிரும், என்.ஏ.டி.எச். புற ஊதாவில் நீலமாக ஒளிரும். குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்திய செல் இன்னும் அதிகமாக ஒளிரும். ஊடகத்துக்குச் சிவப்பு தரும் ஃபீனால் ரெட்டும் பின்னணியைக் கூட்டும். செத்த செல்கள் கண்டபடி ஒளிரும்.

முதல் குழாயையும் முழுத் துகள் குழாயையும் ஒரே லேசர் பலம், ஒரே டிடெக்டர் அளவு, ஒரே நேரம் வைத்துப் படமெடுங்கள். கருவி தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு முறை எங்கள் மாணவி ஒருத்தி கொண்டுவந்த இரண்டு படங்களும் ஒரே மாதிரிப் பச்சையாக இருந்தன. துகள் எதற்கும் உதவாது என்று கண்ணீரோடு சொன்னாள். படங்களோடு சேமித்திருந்த அமைப்புக் குறிப்பைத் திறந்தால், துகள் இல்லாத செல்லுக்கு டிடெக்டரின் உணர்திறனைக் கருவி தானே பல மடங்கு ஏற்றியிருந்தது. அளவைப் பூட்டி மறுபடி எடுத்தபோது ஒரு படம் கறுப்பாக வந்தது, இன்னொன்றில் துகள் தெளிவாகத் தெரிந்தது.

அளவைப் பூட்டியும் பின்னணி போகவில்லையென்றால் நிறத்தைச் சிவப்புக்கு நகர்த்துங்கள், ஃபீனால் ரெட் இல்லாத ஊடகத்தில் படமெடுங்கள். அருமண் அயனிகள் பெருமை கொள்ள வேண்டிய இடமும் இதுதான். செல்லின் சொந்த ஒளி சில நானோ விநாடிகளில் அணைந்துவிடும். யூரோப்பியத்தின் ஒளி மில்லி விநாடி அளவுக்கு நீடிக்கும். ஒரு கணம் தூண்டி, கொஞ்சம் பொறுத்து, பிறகு டிடெக்டரைத் திறந்தால் செல்லின் ஒளி போய்விட்டிருக்கும், துகள் மட்டும் மிஞ்சும். அகச்சிவப்பில் தூண்டும் எர்பியத் துகளுக்கோ பின்னணியே கிட்டத்தட்ட இல்லை.

"செல் முழுக்க ஒரே சீராக, அழகாக ஒளிர்கிறது"

இந்தப் படத்தைத்தான் எல்லோரும் விரும்பி அறிக்கையின் முதல் பக்கத்தில் வைக்கிறார்கள். எனக்கு இதைக் கண்டாலே சந்தேகம். செல் விழுங்கிய துகள் பைகளில் அடைபட்டு உட்கருவைச் சுற்றிப் புள்ளிபுள்ளியாகத் தெரிய வேண்டும். பரவலான சீரான ஒளி, துகளை விட்டுக் கழன்ற சாயத்தின் அடையாளம். எண்ணெய்ச் சார்புள்ள சாயம் துகளிலிருந்து நழுவிச் செல்லின் சவ்வுகளில் தானே போய் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது குழாய் இதற்காகத்தான். தெளிநீர் மட்டும் போட்ட செல்லும் அதேபோல ஒளிர்ந்தால் படம் சாயத்தின் படம். ஒரு நுணுக்கம் உண்டு: தெளிநீரைத் தயாரித்த அன்றே எடுக்காதீர்கள். துகளைச் சீரம் கலந்த ஊடகத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, அதன் பிறகு காந்தத்தால் ஒதுக்கி எடுங்கள். சிலிக்கா நீரில் கரையாது என்று பலரும் நினைக்கிறார்கள். படிகமற்ற சிலிக்கா ஒரு லிட்டர் நீரில் 100 மில்லிகிராம் அளவுக்குக் கரையும். நாம் செல்லுக்குப் போடும் துகளின் செறிவோ பெரும்பாலும் அதற்கும் கீழே. மெல்லிய உறை சில நாட்களில் அரிக்கப்பட்டுச் சாயம் வெளியேற இது போதும். சாயத்தை வெறுமனே கலக்காமல், சிலிக்காவோடு பிணையும் சிலேனோடு வேதிப்பிணைப்பில் கட்டி உறைக்குள் வையுங்கள். கழுவும் நீரில் நிறம் முற்றிலும் நிற்கும்வரை கழுவுங்கள்.

"உள்ளே போனதா, மேலே ஒட்டியிருக்கிறதா?"

தட்டையான ஒரே படத்தில் இதைச் சொல்ல முடியாது. மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகப் படமெடுத்து, பக்கவாட்டு வெட்டில் புள்ளி செல் சவ்வுக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். 4 டிகிரிக் குழாயை அதோடு ஒப்பிடுங்கள். குளிரில் செல் விழுங்குவதை நிறுத்திவிடும். அங்கேயும் அதே அளவு ஒளி இருந்தால் அது மேலே ஒட்டியது. ஃப்ளூரசினாக இருந்தால் டிரைபான் நீலம் என்ற சாயம் சேர்த்துப் பாருங்கள், உயிருள்ள செல்லுக்குள் அது நுழையாது, வெளியே இருக்கும் பச்சையை மட்டும் அணைக்கும். இன்னொரு எச்சரிக்கை: சாதாரண நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. ஒரு புள்ளி ஒரு துகளாகவும் இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம். எண்ணிக்கை சொல்லாதீர்கள்.

காந்தப் பாதியையும் சாட்சிக்கு அழைக்கலாம். பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால் இரும்பு இருக்கும் இடம் நீலமாகும். ஒளியும் நீலமும் ஒரே இடத்தில் என்றால் நிம்மதி. ஒளி இருந்து நீலம் இல்லாவிட்டால் முந்தைய அறிகுறிக்குத் திரும்புங்கள். தடித்த சிலிக்கா உறைக்குள் அமிலம் போக நேரமாகும் என்பதால் அவசரப்பட்டு இல்லை என்று எழுதிவிட வேண்டாம்.

"செல் செத்துவிடுகிறது"

குற்றவாளி துகள்தான் என்று முடிவு கட்டும் முன் அதோடு வந்ததைப் பாருங்கள். கெடாமல் இருக்கச் சேர்த்த சோடியம் அசைடு, கழுவாமல் விட்ட அம்மோனியா, எத்தனால், நுண்துளைச் சிலிக்கா செய்யப் பயன்படுத்திய சோப்புப் பொருள் இவற்றில் எதுவும் செல்லைக் கொல்லும். தெளிநீர்க் குழாயிலும் செல் செத்தால் கழுவுதல் போதவில்லை. காட்மியம் கொண்ட குவாண்டம் புள்ளியாக இருந்தால் தெளிநீரில் காட்மியத்தை அளந்தே ஆக வேண்டும். 1998-இல் முதல் செல் படங்கள் வந்தபோதே அந்தப் புள்ளிகள் உறையோடுதான் வந்தன. உறை அரைகுறையாக இருந்தால் காட்மியம் கசியும்.

பாக்டீரியா விட்டுப்போகும் எண்டோடாக்சின் என்ற நச்சும் செல்லைக் கலவரப்படுத்தும். 0.22 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவை நிறுத்தும், எண்டோடாக்சினை நிறுத்தாது. ஆட்டோகிளேவின் நீராவிச் சூடும் போதாது. கண்ணாடிப் பாத்திரங்களை 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வையுங்கள்.

சோதனையே பொய் சொல்வதும் உண்டு. உயிருள்ள செல்லை நிறத்தால் காட்டும் எம்.டி.டி. சோதனையில் 570 நானோமீட்டர் அருகே நிறத்தை அளக்கிறோம். கறுப்புத் துகள் அங்கே ஒளியை விழுங்கும், செத்த செல்லும் உயிரோடு இருப்பதாக எண் வரும். செல் இல்லாமல் துகளும் எம்.டி.டி.யும் மட்டும் போட்ட குழிகளையும் வைத்து, அந்த எண்ணைக் கழியுங்கள். திரிந்த துகளோ மழைபோல அடியில் இறங்கி, தட்டின் தரையில் ஒட்டி வாழும் செல்களை மூடிவிடும். மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று எழுதியிருப்போம், செல் பெற்றது அதைவிடப் பல மடங்கு.

"எம்.ஆர்.ஐ.யில் எல்லாம் கறுப்பு"

இரும்பு ஆக்சைடு, டி-2 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் இருளாகத் தெரியும். காற்றுக் குமிழும் அதே இருள்தான். அகரோஸ் ஜெல்லில் செல்களைக் கலந்து ஊற்றும்போது குமிழ் விடாதீர்கள், துகள் இல்லாத செல் கலந்த ஜெல்லையும் பக்கத்தில் வையுங்கள். செறிவைப் பாதி பாதியாகக் குறைத்து ஆறு குழாய் வையுங்கள். இருள் படிப்படியாக வெளுத்தால்தான் அது துகளின் இருள்.

"புறப்படும்போது நன்றாக இருந்தது, அங்கே போனதும் கெட்டிருந்தது"

இது எங்கள் எல்லைக்கே உரிய அறிகுறி. தெளிந்த கறுப்புக் கரைசலைச் சிறு குழாயில் ஊற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, காலைப் பஸ்ஸில் அனுப்புவோம். திருவனந்தபுரத்தில் திறந்தால் அடியில் காபித்தூள் போல வண்டல். எவ்வளவு குலுக்கினாலும் கலையாது. ஒரு பருவம் முழுக்க ரோட்டின் குலுக்கல்மேல் பழி போட்டோம். பிறகு ஒரு மாணவர் நெய்யாற்றின்கரையில் பஸ் நின்றபோது பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அழைத்தார். குழாயில் ஜெல் பையைத் தொட்டிருந்த பக்கம் வெள்ளையாக உறைந்திருந்தது. மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த ஜெல் பை அது. நீர் பனிக்கட்டியாகும்போது துகள்களை மிச்சமிருக்கும் நீருக்குள் ஓரங்கட்டுகிறது. உப்பும் துகளும் நெருக்கப்பட்டு ஒட்டிக்கொள்கின்றன. பனி உருகினாலும் ஒட்டியது பிரியாது.

இப்போது நாங்கள் செய்வது இது. ஜெல் பையை முந்தைய இரவே சாதாரணக் குளிர்பெட்டியில் 4 டிகிரிக்கு மாற்றிவிடுகிறோம். குழாய்க்கும் பைக்கும் நடுவில் தடித்த துணி ஒரு மடிப்பு. குழாயில் காற்றிடம் இல்லாமல் விளிம்புவரை நிரப்புகிறோம். சாயம் உள்ள குழாயை அலுமினியத் தாளில் சுற்றுகிறோம். நியோடைமியம் காந்தம் தனிப் பையில், தனி ஆளிடம். அதே கரைசலில் இருந்து ஒரு மில்லிலிட்டர் எங்கள் மேசையிலேயே இருக்கும். அங்கே சேர்ந்ததும் முதல் வேலை, இரண்டு குழாய்களையும் ஒரே நேரத்தில் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிக்கொள்வது. இங்குள்ளது தெளிவாகவும் அங்குள்ளது கலங்கியும் இருந்தால் அன்று செல்லில் ஊற்றுவதில்லை. மாணவர் அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிறார், மறுநாள் புதிய குழாயோடு போகிறார்.